படிக்காமல் அழித்த சிலேட்டு

எங்கேயாவது சாக்பீஸால் எழுதியிருப்பதைப் பார்த்தால் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். டீக்கடைப் பலகையில் 'இன்று வடை இல்லை' என்று இருந்தாலும் அப்படித்தான். என் மனைவி, "அந்தக் கைக்கு ஒரு விலங்கு வாங்கிப் போட்டுட்டா நிம்மதி" என்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் கை முன்னால் வராது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் சாரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது.

சார் எனக்கு எட்டாம் வகுப்பில் பூகோளம் எடுத்தவர். அந்த எட்டோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பிறகு புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்து, அதுவே என் கடையாகி, இப்போது சைக்கிளோடு மின்விசிறி, மிக்சி எல்லாம் பார்க்கிறேன். படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அதில் பாதிக்குமேல் சார் சொன்னதுதான் இருக்கும்.

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. போர்டு அழிப்பது. எனக்குப் படிப்பு வரவில்லை, டஸ்டர் வந்தது என்று சாரே சொல்வார். ஒரு பாடவேளை முடிந்ததும் போர்டில் ஒரு கோடுகூட நிற்கக் கூடாது என்பது அவர் சட்டம். போன மணி எழுத்தைப் போர்டில் விட்டு வைப்பது, அடுத்து வரும் வாத்தியாருக்கு எச்சில் தட்டில் சோறு போடுவதுபோல என்பார். அவர் பெரிய பெரிய நதிப்படம் போடுவார். பாலம் என்றால் இரட்டைக் கோடு. அணை என்றால் ஒரே பட்டைக் கோடு, சாக்பீஸைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு. மற்ற பையன்கள் அதைப் பார்த்து வரைந்துகொண்டார்கள். நான் அழித்தேன். டஸ்டர் காணாமல் போன நாட்களில் உள்ளங்கையாலேயே அழித்தேன்.

அவர் ஓய்வு பெற்று மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகுதான் எங்களுக்குள் உண்மையான பழக்கம் வந்தது. சைக்கிளைக் கொண்டுவருவார். செயின் மாட்டுவதற்குள் அந்த வாரம் ஏரியில் என்ன பார்த்தார் என்று சொல்லிவிடுவார். எழுபது வயதுக்கு மேலும் ஊசுட்டேரிக்கு சைக்கிளில் போய், கரையைச் சுற்றி நடந்து, திரும்பி வந்து குளிக்கிற ஆள். பக்கத்து வீட்டு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற பெரியவர், கொடுத்த பழைய தொப்பி ஒன்று தலையில் இருக்கும். நாரையின் காலைப் பார்த்தே அது எந்த நாரை என்று சொல்வார். தூண்டில் போடுவார், பிடித்த மீனில் பாதியைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். "என்ன பார்த்தே?" என்று கேட்பார். "கொக்குன்னு நெனைக்கறேன் சார்" என்றால் போச்சு. "நெனைச்சதை யாரு கேட்டா? பார்த்ததைச் சொல்லு" என்பார். இதை நான் இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்து என்ன பிரயோஜனம்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டின் உள்பக்கம் மரச்சட்டம் போட்ட சிலேட்டு ஒன்று தொங்கும். அம்மா, அதாவது சாருடைய மனைவி, வைத்த நிபந்தனை அது. சார் போன் எடுத்துப் போக மாட்டார். மணி அடித்தால் பறவை பறந்துவிடும் என்று வாதம். அப்படியானால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்றுவிட்டார்கள் அம்மா. ஏரி என்றால் 'ஏரி, 10' என்று மட்டும் இருக்கும். எப்போதும் போகாத இடம் என்றால் சின்னதாகப் படம் போடுவார். பூகோள வாத்தியார் இல்லையா. எழுதிய மணிக்கு மேல் அரை மணி ஆனால் தேடி வர வேண்டும். சிலேட்டு காலியாக இருந்தால் தெருவிலேயே எங்கேயோ, பால் வாங்கவோ பேப்பர் வாங்கவோ போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் விடியலில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். அம்மாவை எழுப்ப மாட்டார். சிலேட்டுதான் பேசும். திரும்பி வந்ததும் அவரே அழிப்பார்.

அது பங்குனி கடைசி. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் வந்தோம். வீட்டுக்கு வந்து என் பையைப் பார்த்தால் சாருடைய பைனாகுலர் அதில் இருக்கிறது. அவர் உயிர் அது. மறுநாள் காலை ஏழரைக்குக் கடை திறக்குமுன் கொடுத்துவிடலாம் என்று டிவிஎஸ்-ஐ எடுத்துக்கொண்டு மூலக்குளம் போனேன்.

கேட்டின் கம்பி வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினேன். சிலேட்டில் என்னவோ எழுதியிருந்தது. பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, அது இல்லாமல் சார் எங்கேயும் போக மாட்டார், அப்படியென்றால் இது நேற்று எழுதி அழிக்க மறந்தது. இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டையில் ஓடியிருக்க வேண்டும். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை போய்விட்டது. உள்ளங்கையால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. எட்டாம் வகுப்பில் அழித்த மாதிரியே, ஒரு கோடு நிற்காமல். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு அம்மா வந்தார்கள். சார் இல்லையா என்று கேட்டேன். அவர்கள் சிலேட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"காலியாத்தானே கீது. பால் வாங்கப் போயிருப்பாரு. உக்காருப்பா, காப்பி குடிச்சிட்டுப் போ."

கடை திறக்கணும் என்று பைனாகுலரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ரெட்டியார்பாளையம் தாண்டும்போதுதான் உறைத்தது. மூன்று இழுப்பு இழுத்து அழித்தேனே. 'ஏரி, 10' என்பதற்கு ஒரு இழுப்பு போதுமே. சரி, நேற்று ஏதாவது கூட எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நேற்று நானும் அவருமாக ஏரிக்குத்தானே கிளம்பினோம்? அதற்கு மேல் யோசிக்கப் பயந்துகொண்டு, ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டேன்.

பன்னிரண்டே காலுக்கு அம்மா போன் செய்தார்கள். சார் இன்னும் வரவில்லை, எங்கேயோ பேச்சில் உட்கார்ந்துவிட்டார் என்று இருந்துவிட்டேன், இப்போது பார்த்தால் சைக்கிளும் இல்லை என்றார்கள்.

நான் போவதற்குள் தெருவில் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். அம்மா சிலேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எழுதாமல் போனதில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பைக்கை உதைத்துவிட்டார்.

"அவருக்கு ஏரிய விட்டா வேற இன்னா போக்கு? வாங்க, ஆளுக்கு ஒரு கரையா பிரிஞ்சிக்கலாம்."

எல்லாரும் ஏரிக்குக் கிளம்பினார்கள். அங்கே இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அந்த நேரம் என் உள்ளங்கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அழித்தது எழுத்தில்லை, படம். வளைந்து போகிற ஒரு கோடு. அதற்குக் குறுக்கே ஒன்று. ஓரத்தில் ஒரு எண், பத்தோ பதினொன்றோ. சார் போகாத இடத்துக்குப் போயிருக்கிறார். பைனாகுலர் இல்லாததால் பறவை பார்க்கப் போகவில்லை. வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் தூண்டிலைக் காணோம்.

"நான் ஆத்துப் பக்கம் பாக்கறேன்" என்றேன்.

"ஆத்துல இன்னா இருக்குது, மணலு" என்றார் எதிர்வீட்டுக்காரர். கூட ஒருத்தரை அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் ஆறு என்பார்கள். ஏன் என்று சொன்னால் அம்மா அங்கே நிற்கிறார்கள். நான் தனியாகத்தான் போனேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு மனுஷன் உயிர் ஊசலாடும்போது நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு போனேன்.

வில்லியனூர் தாண்டிச் சங்கராபரணி ஆற்றங்கரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினேன். ஆறு வளைந்து வளைந்துதான் போகிறது. எந்த வளைவு? பாலமும் குறுக்கேதான் இருக்கிறது, தடுப்பணையும் குறுக்கேதான் இருக்கிறது. ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. வெயிலில் கண் கூசியது. வலது கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், அதில் என்னவோ இருக்கப்போவதுபோல. நடுவில் இழுத்தபோது சாக்பீஸ் தூள் கையில் திட்டாக ஒட்டியது. வேட்டியில் துடைத்தேன். மெல்லிசான இரட்டைக் கோட்டுக்கு அவ்வளவு தூள் ஒட்டாது. பட்டைக் கோடு. அணை.

வேட்டியைப் பார்த்தேன். தொடைப்பக்கம் வெள்ளையாக இன்னும் இருந்தது.

அணைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. ஹேண்டில்பாரில் துண்டு. பூட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வர வேண்டும், எனக்கு வந்தது பயம். சைக்கிள் இருக்கிறது, ஆள் இல்லை. அணைக்குக் கீழே பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதில் சொல்தாவின் தொப்பி மிதந்தது.

"சார்" என்று கூப்பிட்டேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். தொப்பி மெதுவாகச் சுற்றியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் ஞாபகம். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை அந்தக் கரையிலிருந்து கை ஆட்டினாள்.

"யோவ், தண்ணியப் பாத்துனு நிக்கறியே, உன் ஆளு இங்க கீறாரு. நான் இப்பத்தான் பாத்தேன்."

பாசிக் கல்லில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு போய்விட்டது. அந்த இடுப்போடு முழங்கையால் ஊன்றி ஊன்றி ஒரு வேலிக்காத்தான் புதர் நிழலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். மணலில் அவர் நகர்ந்து வந்த தடம் இருந்தது. உதடு வெளுத்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது,

"மணி என்னடா?"

"ஒன்னரை சார்."

"பதினொன்னுன்னு எழுதினேனே. எழுதினேன் இல்ல?"

பேசாதீங்க சார், தண்ணி குடிங்க என்றேன். ஆடு மேய்க்கிறவள் தன் தூக்கிலிருந்த நீராகாரத்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது, அது கரைமேல் நின்றுவிட, ஸ்ட்ரெச்சரை நாலு பேர் மணலில் தூக்கிப் போனது எல்லாம் நடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வெயிலே முடித்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என்னை எல்லாரும் பாராட்டினார்கள். எப்படிப்பா ஆத்துப் பக்கம் போகணும்னு தோணுச்சு என்று எதிர்வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "எல்லாம் அந்தக் கடவுள்" என்றேன். சொன்ன வாய் அப்போதே புழுத்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வேறு ரூபத்தில் வந்தது.

சிலேட்டு காலியாக இருந்ததை அம்மா அவரிடம் சொல்லிவிட்டார்கள். எழுதினேன் என்றார் சார். இல்லை, நான் என் கண்ணால் பார்த்தேன், காலியாக இருந்தது என்றார்கள் அம்மா. நான் கட்டில் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். நீட்டிய சுளையைச் சார் வாங்கவில்லை.

அவருடைய அண்ணன் ஒருத்தர் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டவர். ஆரம்பம் இப்படித்தான், அடுப்பை அணைத்தேன் என்பார், அணைத்திருக்க மாட்டார். இதை ஏரிக்கரையில் சார் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் பாம்புக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்குத்தான் பயந்தார்.

மறுநாள் போனபோது தனக்குத் தானே சோதனை வைத்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்திலிருந்து இங்கே வருகிற ரயில் நிற்கும் ஸ்டேஷன்களை முன்னாலிருந்து சொன்னார், பின்னாலிருந்து சொன்னார். புதுச்சேரி, வில்லியனூர், என்று நின்றுவிட்டார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மயக்க மருந்து கொடுத்த உடம்பு, யாருக்கும் மறக்கும். ஆனால் அவர் கண்ணில் தெரிந்த பயத்தை நான் ஆற்றங்கரையில்கூடப் பார்க்கவில்லை. "சின்னபாபுசமுத்திரம் சார்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "அவரு இடுப்ப ஒடைச்சது கல்லு. மனச ஒடைக்கறது நீ. எது சீக்கிரம் சேரும்னு நீயே பாத்துக்க."

மறுநாள் மத்தியானம் பார்வை நேரத்துக்குப் போனேன். அம்மாவும் இருந்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நீங்க எழுதினீங்க. ஆறு, அணை, ஓரத்துல மணி. நான்தான் காலையில வந்து அழிச்சிட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரருடைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"படிச்சியா?" என்றார் சார்.

"இல்ல சார்."

"படிக்காமலே அழிச்சே."

"நேத்து எழுதினதுன்னு நெனைச்சிட்டேன் சார்."

"நெனைச்சே" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். "அப்ப எனக்கு ஒன்னுமில்ல. கேட்டியா? எனக்கு ஒன்னுமில்ல."

அவர் என்னைத் திட்டவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் சிலேட்டுச் சட்டத்தில் பெயிண்டால் 'படித்துவிட்டு அழி' என்று எழுதி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் இது யாருக்கு என்று என்னைக் காட்டிச் சிரித்தார். அம்மா அப்படியில்லை. என்னை வராண்டாவிலேயே நிறுத்தி, "அவரு மன்னிச்சிட்டாரு. நான் இன்னும் இல்ல" என்றார்கள். அந்த மத்தியானம் ஒரு மணி நேரம் அவர்கள் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்தான் கிடைத்தது. காப்பி கிடையாது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. சார் கைத்தடியோடு நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோவில் அவரை ஏரிக்குக் கூட்டிப்போவேன். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அம்மாவிடமிருந்து போன். சார் இல்லை, ஆறு மணிக்கே நான் எழுந்து பார்த்தேன், சிலேட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். தெரு முழுக்கத் தேடிவிட்டார்களாம். அந்தத் தொப்பி தண்ணீரில் சுற்றியது கண்ணில் வந்து நின்றது. வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்கே போகாமல் நேராக ஏரிக்குப் போனேன்.

வழக்கமான இடத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோவில் வந்திருப்பார் போலிருக்கிறது. காலில் ஒன்று அவர் செருப்பு, இன்னொன்று அம்மாவுடையது. மடியில் பைனாகுலர் இருந்தது, மூடி கழற்றாமல்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நீ ஏன் லேட்டு?" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா தேடுகிறார்கள் சார், போகலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். சின்னபாபுசமுத்திரம் ஞாபகம் வராத முகம்.

"எதுக்குத் தேடறா? நான் எழுதி வச்சிட்டுத்தானே வந்தேன்?"

பார்த்ததைச் சொல்லு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் பார்த்தது அந்தச் செருப்பு.

"எழுதினீங்க சார். நான்தான் மறுபடியும் அழிச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "நீ திருந்தவே மாட்டடா" என்றார். வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சிலேட்டுப் பக்கம் போய் நின்றார். துடைத்து வைத்ததுபோல இருந்தது. அம்மாவைப் பார்த்து, "இவன் வேலையப் பாத்தியா? மறுபடியும் அழிச்சிட்டான்" என்றார். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். அன்று காலை நான் அந்தத் தெருவுக்கே வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். சார் என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டார்.

"கையக் காட்டு."

என் கையில் தூள் இல்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மா அப்போது என்னைத் தாண்டிக் கேட்டைச் சாத்தப் போனார்கள். எனக்குப் பின்னால் அவர்கள் காலடி நின்றது. என் உள்ளங்கை விரிந்தபடி அவர்களுக்கு நேராக இருந்தது. தாழ்ப்பாள் போடும் சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது.

"இவனுக்கு இதே பொழப்பா போச்சு" என்றார்கள் அம்மா. "உள்ள வந்து உக்காருங்க ரெண்டு பேரும். காப்பி போடறேன்."